குடை அக்காவின் நாற்காலி

ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்களை வைக்கும் அறை மூன்றாம் நடைமேடையின் கோடியில், தண்ணீர்க் குழாய்க்கு எதிரே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் குடை அக்கா என்பார்கள். நடைமேடை பெருக்கிய காலத்தில், பயணிகள் மறந்துபோன குடைகளை ஒன்றுவிடாமல் ஒப்படைத்ததால் வந்த பெயர். அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் மேலாளர் அவரை அந்த அறைக்கு மாற்றினார். ஒரு மாதம் சோதனை. வெளிநாட்டுப் பயணிகள் இங்கிலீஷில் கேட்பதைப் புரிந்துகொண்டு பொருளை எடுத்துத் தர வேண்டும். முடியாவிட்டால் பழையபடி துடைப்பம்.

துடைப்பத்தின் மேல் அக்காவுக்கு வருத்தமில்லை. அவருடைய முழங்கால்களுக்குத்தான் இருந்தது. அறையில் ஒரு நாற்காலியும் அதற்கு நேர் மேலே ஒரு மின்விசிறியும் இருந்தன.

பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் தங்கைதான் வீட்டில் பாடம் நடத்தினாள்.

"பேக்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்கக்கா. எப்படிப்பட்ட பேக்னு சொல்வாங்க. அந்தச் சொல்லுக்குத்தான் அட்ஜெக்டிவ்னு பேரு. ஓல்ட், ஸ்மால், பிரவுன் எல்லாம் தன்மையைச் சொல்றது. டூ, த்ரீ எண்ணிக்கை. திஸ், தட் சுட்டிக் காட்டுறது. மை, யுவர் யாரோடதுன்னு சொல்றது. வாட், விச் கேள்வி கேக்குறது."

"ஒரு பைக்கு இத்தனை அலங்காரமா? என் கல்யாணத்துக்கே நான் இவ்வளவு போட்டுக்கலையேடி!"

"வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே சொல்லு. பிரவுன் எந்த வகை?"

படித்தது மனத்தில் நிற்க அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். தேதி வாரியாக இருந்த அலமாரிகளைக் கலைத்து, வார்த்தை வாரியாக அடுக்கினார். ஓல்டுக்கு ஒரு தட்டு, பிரவுனுக்கு ஒரு தட்டு, ஜோடியாக வந்த செருப்பு, கையுறைகளுக்கு டூ என்று ஒரு தட்டு. ஒரு பொருளைப் பார்த்ததும் எந்தச் சொல் முதலில் தோன்றியதோ, அந்தத் தட்டில் வைத்தார்.

சோதனையின் கடைசி வாரம், மேலாளர் வாசலில் நின்றிருந்தபோது, ஒரு வெளிநாட்டுக்காரர் மூச்சிரைக்க வந்தார். "மை ஓல்ட் பேக்!" என்றார். அவருடைய ரயில் கிளம்பத் தயாராக நின்றது.

அக்கா தெம்பாக ஓல்ட் தட்டுக்குப் போனார். மூன்று பைகளை எடுத்துக் காட்டினார். மூன்றுக்கும் அவர் தலையாட்டி மறுத்தார்.

"என்னம்மா, இல்லையா?" என்றார் மேலாளர்.

அக்கா பைகளைத் திரும்ப வைத்துவிட்டு யோசித்தார். தொலைத்தவருக்கு அது பழைய பை. எடுத்து வைத்த தனக்கு அது என்னவாகத் தோன்றியதோ! திரும்பி வந்து கேட்டார்.

"வாட் கலர்?"

"பிரவுன்."

"ஹவ் மெனி பாக்கெட்?"

அவர் இரண்டு விரலைக் காட்டினார்.

பிரவுன் தட்டின் அடியில், இரண்டு பாக்கெட் வைத்த சின்னப் பை இருந்தது. அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிப்போய் ரயிலில் ஏறியதை மேலாளரும் பார்த்தார்.

"ஏம்மா, அலமாரியைக் கலைக்கச் சொன்னது யாரு?"

"படிச்சது மறந்துடுமேன்னு பயம் சார்."

மேலாளர் சிரிப்பை அடக்கினார். "திரும்பத் தேதி வாரியா அடுக்குங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு சீட்டுக் கட்டி, உங்க வார்த்தை எல்லாத்தையும் அதுல எழுதிடுங்க. அந்தக் கேள்வி கேட்டீங்க பாருங்க, அதை மட்டும் விட்டுடாதீங்க."

"அப்போ நாற்காலி, சார்?"

"உக்காருங்கம்மா."

மறுநாள் அக்கா வீட்டிலிருந்து ஒரு மெத்தைத் துண்டு கொண்டுபோய் நாற்காலியில் போட்டார். அதிலும் ஒரு சீட்டுக் கட்டினார்: பச்சை, சிறியது, ஒன்று, என்னுடையது. இல்லாவிட்டால் யாராவது கண்டெடுத்து அவரிடமே ஒப்படைத்துவிடுவார்கள்.