மாசி போடாத சம்பல்

என் சமையலறையில் மூடி இறுகிய ஒரு தகர டின் இருக்கிறது. அதற்குள் எப்போதும் ஒரு துண்டு மாசி கிடக்கும். பார்த்தால் விறகுச் சிராய் மாதிரி இருக்கும், தட்டினால் டொக்கென்று சத்தம் வரும். சூரை மீனை அவித்து, புகைபோட்டு, வெயிலில் காயவைத்து, மீன் என்றே சொல்ல முடியாதபடி ஆக்கிவிடுவார்கள். அதை இடித்துத் தேங்காய்ச் சம்பலில் சேர்ப்போம், பருப்பில் போடுவோம், கீரையில் போடுவோம். இந்த நாட்டில் மாசியை யாரும் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. உப்பு, மிளகாய்த்தூள் மாதிரி அதுவும் ஒரு சாமான்தான். யுத்தம் முடியப்போகிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், நான்கு மாதக் கர்ப்பத்தோடு மாத்தளைக்கு வந்திருந்த என் மகள் அந்த டின்னைத் திறந்து முகர்ந்துவிட்டு, "இத வீசிறலாமாம்மா?" என்று கேட்டாள்.

கொழும்பில் வேலைக்குப் போன இடத்தில் அவள் மரக்கறிக்கு மாறியிருந்தாள். மாறியதென்றால் அரைகுறையாக இல்லை. மீன், இறைச்சி, முட்டை, பால், தயிர் எல்லாம் போயிற்று. தேத்தண்ணியைக்கூட வெறும் சாயமாகக் குடித்தாள். கிளினிக்கில் இரத்தம் கொஞ்சம் குறைவு என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "எல்லாத்தையும் அளவாச் சாப்புட்டா ஒரு கொறையும் வராது" என்று அவள் அப்பா ஒரு பக்கம் சொன்னார். பயறு, கடலை, எள்ளு, முருங்கைக்கீரை என்று அவள் மறுபக்கம் அடுக்கினாள். இரண்டு பேரும் நிதானமாகத்தான் பேசினார்கள். நான்தான் நடுவில் எழுந்து போய், கொதிக்காத உலையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்து நான்கில் அரிசியும் மாவும் கிடைக்காமல், தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மரவள்ளிக் கிழங்கையும் அதன் இலையையும் அவித்துத் தின்றோம். அன்றைக்கு லயம் முழுக்கத் தாவர உணவுக்காரர்கள்தான், ஒருவரும் விரும்பி ஆகவில்லை. அந்த இலையின் கசப்பு ஞாபகம் வரும்போதெல்லாம் மகளின் தட்டைப் பார்க்க எனக்குக் கோபம் வரும்.

கோபம் அடங்கினால் மாமாவின் நினைவு வரும். மாமா என்றால் என் கணவரின் அப்பா. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஒரு காலத்தில் எல்லாம் சாப்பிட்டவர்தான். லயத்தில் ஆடு அடித்தால் பங்கு பிரிப்பதற்கு அவரைத்தான் கூப்பிடுவார்களாம். என் நாத்தனார் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்து, ஆஸ்பத்திரியிலும் இனி நம் கையில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாமா அம்மன் கோயில் வாசலில் விழுந்து, பிள்ளை பிழைத்தால் சாகும்வரை கவிச்சி தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டார். பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. அன்றோடு அவருக்கென்று தனிச் சட்டி, தனி அகப்பை. எங்கள் கவிச்சிச் சட்டி கூரை இறவாணத்துக்கு வெளியேதான் தொங்கும். கடையில் ரொட்டி வாங்கினால் கூட வைக்கும் சம்பலை விரலால் தொட்டு முகர்ந்து பார்ப்பார். ஒரு சிட்டிகை மாசி விழுந்திருந்தாலும் அவர் மூக்குக்குத் தப்பாது. பேசாமல் தள்ளி வைத்துவிட்டு வெறும் ரொட்டியைத் தின்பார்.

கல்யாணமான புதிதில் நான் வாயாடி. "கறிவேப்பிலைச் செடிக்கும் உசிரு இருக்கே மாமா, அத மட்டும் பிச்சுப் போடலாமா?" என்று சீண்டினேன். "அதுகிட்ட நான் ஒன்னும் நேந்துக்கலயே புள்ள" என்றார் சிரித்துக்கொண்டே. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உடம்புக்கு எது நல்லது, எந்த உயிரைக் கொல்லலாம் என்ற யோசனையெல்லாம் அவருக்கு இல்லை. மகளின் மூச்சு தன் தட்டில் கட்டப்பட்டிருக்கிறது என்று நம்பினார். நாத்தனாருக்குப் பதினெட்டு வயதான பிறகும், அவள் இருமினால் இவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

எண்பத்து மூன்று ஆடியில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வந்தது. என் கணவர் கொழும்புக்குப் போயிருந்தார், உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது. மாமாவோடு வேலை செய்த சிங்களக்காரர் ஒருவர் மாமாவையும் நாத்தனாரையும் என்னையும் யட்டவத்தப் பக்கம் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பின்னறையில் ஒளித்து வைத்தார். மிளகு மூட்டையும் கராம்பு மூட்டையும் அடுக்கியிருந்த அறை. அப்போது என் வயிற்றில்தான் இந்த மகள் இருந்தாள், இதே நான்கு மாதம். முந்தின நாள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ரோட்டில் லொறிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூட்டை இடுக்கில் குனிவேன்.

மத்தியானம் அந்த வீட்டு அம்மா வாழையிலையில் சோறு கொண்டுவந்தார். மாமா சைவம் என்று அவருக்கு முன்பே தெரியும். "மஸ் மாளு நே" என்று தன் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை என்று அர்த்தம். பொய் சொல்லவில்லை, பாவம். இலையைப் பிரித்ததும் அத்தனை மிளகு வாசனையையும் கிழித்துக்கொண்டு மாசி வாசனை வந்தது. சம்பலில் மாசி, பலாக்காய்க் கறியில் மாசி. எனக்கே தெரிந்தபோது மாமாவுக்குத் தெரியாமல் இருக்குமா? நாத்தனார் ஒரு மூலையில் அழுது அசந்து தூங்கிப்போயிருந்தாள். அந்த அம்மா வாசற்படியில் நின்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்காகத் தன் வீட்டையே பணயம் வைத்தவரிடம் இதில் மாசி இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

எங்கள் குடும்பத்தில் மாமனார் ஒரு வாய் வைக்கும்வரை மருமகள் சோற்றைத் தொடுவதில்லை. யாரும் சொல்லித்தந்த வழக்கமில்லை, கை தானாகவே காத்திருக்கும். நான் இலையை மெல்லத் தள்ளி, "வேணாம் மாமா, பசியில்ல" என்றேன். மாமா மூலையில் தூங்கும் மகளைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். வெறும் சோற்றை மட்டும் அவர் தின்றிருக்கலாம். தின்றிருந்தால் நானும் வெறும் சோற்றைக் கொறித்துவிட்டு வைத்திருப்பேன், அதுவும் அவருக்குத் தெரியும். சம்பலைச் சோற்றோடு நன்றாகப் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டு விழுங்கினார். "சாப்புடு புள்ள. வயித்துப் புள்ளைக்கு வெரதம் கெடையாது" என்றார். நான் சாப்பிட்டேன், மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

வீடு திரும்பிய பிறகு அவர் மறுபடி தன் தனிச் சட்டிக்கே போய்விட்டார். என் கணவரும் பத்திரமாக வந்து சேர்ந்தார். ஆனால் மாமாவுக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. அடுத்த வருடம் நாத்தனாருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது வார்டு வாசலில் நின்றவர், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்மேல் கோபமில்லை, பயம். எனக்கும் அதே பயம். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் எப்படி உயிரோடு இருந்திருப்பேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவள் பிழைத்தாள், இரத்தோட்டையில் பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்கிறாள். அந்தக் கவளத்தைப் பற்றி மாமாவும் நானும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசாமலே அவர் போய்ச் சேர்ந்தார்.

டின்னை வீசலாமா என்று மகள் கேட்ட அன்று மத்தியானம் நான் பிடிவாதத்தில் இறங்கினேன். "நீ ஒரு வாய் மாசிச் சம்பல் சாப்புட்டாத்தான் நானும் சாப்புடுவேன்" என்று சொல்லிவிட்டு, தட்டைத் தொடாமல் அவள் எதிரே உட்கார்ந்து, அதுவரை சொல்லாத இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். அழுவாள், மனம் இளகும், ஒரு வாயாவது சாப்பிடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவள் அழத்தான் செய்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "தாத்தா ஒங்களச் சாப்புட வைக்கிறதுக்காகச் சாப்புட்டாரு. நீங்க என்னைய மாத்துறதுக்காகச் சாப்புடாம இருக்கீங்க. ரெண்டும் ஒன்னாம்மா?"

அவளுக்கு இரத்தம் குறைவென்ற கவலை அப்படியேதான் இருந்தது, இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்ற சந்தேகமும் இருந்தது. சரியாகச் சாப்பிடுவது யார், அவளா அவள் அப்பாவா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை. மாசி டின்னை எடுத்து மூடியை இறுக்கி மேல்தட்டில் வைத்தேன். வீச மனம் வரவில்லை. அவள் தனக்கென்று செய்திருந்த மாசி போடாத சம்பலில் கொஞ்சம் எடுத்து என் சோற்றில் பிசைந்து வாயில் போட்டேன். தேசிக்காய்ப் புளி சற்றுக் கூடுதல். மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விழுங்கிய பிறகுதான் தன் சோற்றில் கைவைத்தாள்.