படிக்கட்டுக்கு அடியில் இருந்த பெட்டி

டோரீன் விசோக்கி இருபத்தாறு வருஷமாக கிரான்ஸ் ஹாலில் சவுண்டு பார்த்துவந்தாள். மில்வாக்கியின் தெற்குப் பக்கம், லிங்கன் அவென்யூவில், முன்னால் பார், பின்னால் இருநூறு பேர் நிற்கிற பாட்டுக்கூடம். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பாட்டுக்கும் தங்கிவிடுவார்கள். அவர்களுக்குப் பாடகியைத் தெரியும், டிரம்ஸ் அடிப்பவனைத் தெரியும். டோரீனைத் தெரியாது. சவுண்டு பார்க்கிறவர்களின் பிழைப்பே அப்படித்தான். எல்லாம் சரியாக இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மைக் கிறீச்சிட்டால் மட்டும் கூட்டம் மொத்தமும் கழுத்தைத் திருப்பி முறைக்கும்.

அவள் அங்கே முதலில் வந்தது சாப்பாடு பரிமாற. ஒரு சனிக்கிழமை, அப்போதிருந்த சவுண்டுக்காரன் பாதிக் கச்சேரியில் கோபித்துக்கொண்டு எழுந்து போனான். கையில் இருந்த தட்டை மேசை மேல் வைத்துவிட்டு டோரீன் போய், ஓசையைக் கூட்டிக் குறைக்கிற போர்டு முன்னால் நின்றாள். எந்தக் குமிழ் எதற்கு என்று தெரியாது. திருப்பிப் பார்த்து, கேட்டு, திரும்பத் திருப்பினாள். அதன் பிறகு ஒரு வருஷம், கூடத்தின் ஒவ்வொரு மூலையிலும் நின்று, எங்கே பேஸ் என்ற கனத்த ஓசை தேங்குகிறது, எங்கே பாட்டின் சொல் கரைகிறது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தாள். கூட்டம் நிறைந்தால் ஓசை எவ்வளவு அடங்கும், குளிர்காலத்தில் எல்லாரும் தடித்த கோட்டோடு நின்றால் இன்னும் எவ்வளவு அடங்கும் என்பது வரை அதில் இருந்தது.

அத்தனை இரைச்சலில் நின்றும் காதுக்கு மட்டும் அவள் பஞ்சு வைத்ததில்லை. வைக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு இளப்பம்.

"காதை அடைச்சுக்கிட்டு சவுண்டு பாக்குறது, மூக்கைப் பொத்திக்கிட்டு மீன் வாங்குற மாதிரி" என்பாள். அந்தக் காலத்துச் சவுண்டுக்காரர்கள் எல்லாருமே ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள்.

காது போகும்போது மொத்தமாகப் போவதில்லை. மேலே இருக்கும் மெல்லிய ஓசைதான் முதலில் உதிரும். தாளத்தட்டின் சிலிர்ப்பு, பாடகியின் சொல்லில் வரும் 'ஸ்' என்ற சீறல், கிடார் கம்பி மேல் விரல் உரசுவது. நாளுக்கு ஓர் இழையாகப் போவதால், போனது தெரியாது. டோரீனுக்குக் கூடம்தான் மந்தமாகிவிட்டது போல் இருந்தது. முதலில் திரைச்சீலையைக் குறை சொன்னாள். பிறகு டிரம்ஸ்காரன் மலிவான தாளத்தட்டு வாங்கிவிட்டான் என்றாள். கடைசியில் ஸ்பீக்கர் கிழடு தட்டிவிட்டது என்று முதலாளி ரஸ் கிரான்ஸிடம் ஆறு மாதம் மன்றாடி, புதிதாகவே வாங்கவைத்தாள். புது ஸ்பீக்கரும் மந்தமாகத்தான் கேட்டது. போர்டில் அந்த மேல் ஓசையை, ட்ரெபிளை, கூட்டினாள். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

அந்தப் பிப்ரவரியில் பாடகி மார்வெல்லா பூன் தன் பாட்டைக் கிரான்ஸ் ஹாலிலேயே ஒலிப்பதிவு செய்வது என்று முடிவெடுத்தாள். வடக்குப் பக்கத்துக்காரி, பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். பத்தொன்பது வருஷமாக அவள் குரலை டோரீன் ஒருத்திதான் அங்கே ஏற்றி இறக்கியிருக்கிறாள். அறுபத்தோரு வயதில் அவளுக்கு இது முதல் இசைத்தட்டு. இரண்டு இரவு கூட்டம் நிறைந்தது. டோரீன் போர்டிலிருந்து நேராக ஒரு கம்பி இழுத்து எல்லாவற்றையும் பிடித்துக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு, மார்வெல்லா கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். டோரீன் பார் கவுண்டரில் உட்கார்ந்து அறுந்த மைக் கம்பி ஒன்றை ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். கவுண்டருக்குப் பின்னால் லைல் எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தான். பதினைந்து வருஷமாக அங்கே மது ஊற்றுகிறவன். டோரீனை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவான்.

"டோரீன், இதை நீ கேட்டியா?" என்றாள் மார்வெல்லா.

"எதை?"

"என் பாட்டை. நீ பிடிச்சுக் கொடுத்ததை."

"அனுப்புறதுக்கு முன்னாடி நாலு தடவ கேட்டேன். ஏன்டீ, மூஞ்சி இப்படி இருக்கு?"

மார்வெல்லா தன் போனை லைலிடம் நீட்டி, "இதை உங்க ஸ்பீக்கர்ல போடு" என்றாள்.

கவுண்டருக்கு மேலே தொங்கிய சின்ன ஸ்பீக்கர் இரண்டிலும் பாட்டு வந்தது. டோரீன் பற்றவைப்பதை நிறுத்திக் கேட்டாள். குரல் தெளிவாக, கிட்டத்தில் இருந்தது. ஒரு சொல்கூடத் தவறவில்லை. தன் கையால் வந்ததிலேயே நல்லது இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

"நல்லாத்தானே இருக்கு?" என்று திரும்பினாள்.

லைல் எலுமிச்சைக் கையோடு ஒரு காதை அழுத்திப் பிடித்திருந்தான். சுவரோரம் மீன் தின்றுகொண்டிருந்த கிழவர் முள்கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "அட, அந்தப் பூனைய யாராவது வெளிய விடுங்கப்பா!" என்று கத்தினார். லைல் அவசரமாக நிறுத்தினான்.

"பல்லு கூசுது டோரீன்" என்றாள் மார்வெல்லா. "ஒவ்வொரு 'ஸ்'ஸும் ஊசியா இறங்குது. சரிபண்ண முடியுமான்னு தெரிஞ்சவன் ஒருத்தன்கிட்ட கொடுத்தேன். கருகின சோத்த எப்படி வேகவைக்கிறதுங்கிறான்."

டோரீன் பற்றவைக்கும் கோலை அதன் தாங்கியில் வைத்தாள். எதையும் அவசரமாக முடிவுகட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கணக்கு இடித்தது.

"அப்படின்னா அன்னைக்கு ஹால்லயும் இப்படித்தானே கேட்டிருக்கணும்? ஒருத்தன்கூட எந்திரிச்சுப் போகலியே. இருநூறு பேரும் செவிடா?"

லைல் சமையலறைப் பக்கம் பார்த்தான். கதவருகில் ரஸ் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"ரஸ்," என்றாள் டோரீன். "நான் கேக்குறது உங்களுக்குக் கேக்குதுல்ல?"

ரஸ் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். மற்றவர்கள் பின்தொடர, கூடத்தில் மேடையின் பக்கத்துப் படிக்கட்டுக்குப் போய், அதன் அடியில் இருந்த அலமாரியைத் திறந்தார். பழைய நாற்காலி போடுகிற இடம் என்றுதான் டோரீன் நினைத்திருந்தாள். உள்ளே ஒரு பெட்டி, பச்சை விளக்கு எரிந்துகொண்டு. போர்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இணைத்திருந்தார்கள். முகப்பில் மேலும் கீழும் நகர்த்துகிற முப்பது சின்னப் பொத்தான்கள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஓசையின் ஒரு பங்கை ஏற்றி இறக்குவது. இடப்பக்கத்தவை நடுவில் நின்றன. வலக்கோடியில் எட்டு, தரையோடு தரையாக இறக்கப்பட்டிருந்தன. வலக்கோடி என்றால் ட்ரெபிள்.

"எத்தன நாளா?" என்றாள் டோரீன்.

"மூணு வருஷம் ஆகப்போகுது" என்றான் லைல். "நீ எல்லாத்தையும் சரிபண்ணிட்டு சிகரெட் பிடிக்கப் போவியே பாஸ், அப்ப வந்து..."

"அப்ப வந்து நான் போட்டதை அழிச்ச."

"கொஞ்சமா இறக்குவேன். நீ மறுநாள் இன்னும் ஏத்தியிருப்ப."

"நீ இறக்கினதாலதான்டா ஏத்தினேன்!"

கூடம் காலியாக இருந்ததால் அந்தக் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது.

"சொல்லியிருக்கலாமே ரஸ்."

"எப்படிம்மா சொல்றது? சவுண்டு பாக்குறவகிட்ட போய் உனக்குக் காது போச்சுன்னு சொல்றதா? பாவம், இத்தன வருஷமா இருக்கா, மனசு ஒடஞ்சிடும்னு..." ரஸ் தலையைச் சொறிந்தார். "அதுவுமில்லாம உன் சம்பளத்துக்கு இன்னைக்கு எவன் வருவான்?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. திருப்பி எடுக்க முடியவில்லை.

மார்வெல்லா அவர்மேல் பாய்ந்தாள். "மூணு வருஷமாத் தெரிஞ்சும் என்னைய இங்க வந்து பதிவு பண்ண விட்டிருக்கீங்க!"

"அந்தக் கம்பி பெட்டிக்கு முன்னாலயே பிரிஞ்சு போகுதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் ரஸ். "பெட்டிதான் இருக்கே, சமாளிச்சுக்கும்னு நெனச்சோம்."

டோரீன் சொல்லியிருப்பாள், கேட்டிருந்தால். போர்டிலிருந்து போவது போர்டில் இருப்பதுதான், அவள் போட்டது போட்டபடி. அவள் மார்வெல்லாவைப் பார்த்தாள். மேடையில் பாடுகிறவர்கள் தங்கள் குரலைக் கேட்க, காலடியில் ஒரு ஸ்பீக்கர் இருக்கும். அதுவும் அந்தப் பெட்டி வழியாகப் போவதில்லை. மார்வெல்லா கொஞ்ச காலமாக ஒவ்வொரு கச்சேரிக்கும் தடித்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, நாலாக மடித்து அதன்மேல் போர்த்துவாள். ராசி என்று சொல்லியிருந்தாள். டோரீன் அதை வைத்து அவளைக் கேலிகூடச் செய்திருக்கிறாள்.

"அந்தத் துண்டு" என்றாள் டோரீன்.

மார்வெல்லாவின் கோபம் அப்படியே நின்றுவிட்டது. கோட்டுப் பொத்தானைத் திருகினாள்.

"உனக்கும் தெரியும்."

"நான்... அது மேடையில மட்டும்தான்னு நெனச்சேன் டோரீன். எனக்குத்தான் காது கூசுதோன்னு நெனச்சேன்."

"பத்தொன்பது வருஷம்டீ. மொத நாளே 'அடியே, குத்துது'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இன்னைக்கு உன் பாட்டு மிஞ்சியிருக்கும்."

மார்வெல்லா இப்போதுதான் கோட்டைக் கழற்றினாள்.

டோரீன் குனிந்து அந்த எட்டுப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக நடுவுக்கு ஏற்றினாள். பிறகு போர்டுக்குப் போய், மார்வெல்லாவை மேடையேறிப் பாடச் சொன்னாள். இரண்டாம் வரியிலேயே ரஸ் தோளைக் குறுக்கினார். டோரீன் அவர் தோளைப் பார்த்துக்கொண்டே ட்ரெபிள் குமிழை இறக்கினாள். தோள் தளர்ந்த இடத்தில் நிறுத்தினாள். அவள் காதுக்கு ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. யாரோ பக்கத்து அறையில் போர்வைக்குள் பாடுவது போலத்தான் இருந்தது.

"வாசல்ல உக்காந்து, சீட்டு வாங்கினவங்க கையில முத்திரை குத்துற வேலை இருக்கு" என்றார் ரஸ். "அதே சம்பளம்."

"இன்னைக்கு ராத்திரி போர்டை யாரு பாக்குறது?" என்றாள் டோரீன்.

ரஸ்ஸிடம் ஆள் இல்லை. மூன்று வருஷமாகத் தேடியதும் இல்லை.

அன்றிரவு லைல் மது ஊற்றுவதை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவன் கட்டைவிரல் கீழே என்றால் அவள் ட்ரெபிளை இறக்க வேண்டும், மேலே என்றால் ஏற்ற வேண்டும். மார்வெல்லா அன்று துண்டு கொண்டுவரவில்லை. கச்சேரி நன்றாகவே நடந்தது என்றார்கள். இடைவேளையில் கம்பளித் தொப்பி போட்ட ஒருவன் போர்டு பக்கம் வந்து, டோரீனைத் தாண்டிக் கையை நீட்டி, லைலின் கையைக் குலுக்கினான்.

"இன்னைக்கு சவுண்டு பிரமாதம் தலைவா! நீங்கதான் புது ஆளா?"

லைல் டோரீனைப் பார்த்தான். "இல்லப்பா, இவங்கதான்..." என்று முடிப்பதற்குள் தொப்பிக்காரன் பிராந்தி வாங்கப் போய்விட்டான்.

மார்வெல்லா தன் பாட்டை அடுத்த கோடையில் வேறோர் இடத்தில், வேறோர் ஆளை வைத்துப் பதிந்தாள். இசைத்தட்டு உறையின் பின்பக்கத்தில் நிறையப் பேருக்கு நன்றி இருந்தது. டோரீனின் பெயரும் இருந்தது, கடைசி வரியில், நண்பர்கள் என்ற தலைப்பில். அதற்குப் பிறகு மார்வெல்லா கிரான்ஸ் ஹாலில் பாடியது இரண்டே தடவை.

டோரீன் வாசலுக்குப் போகவில்லை. ஓய்வூதியத்துக்கு வயது வர இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. அதுவரை போர்டு முன்னாலேயே நின்றாள். மேடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, லைலின் கட்டைவிரலைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். அவன் கழிப்பறைக்குப் போனால் எதையும் தொடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள். கச்சேரி எப்படி இருந்தது என்று தெருவில் யாராவது கேட்டால், "லைலைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு நடந்துபோவாள்.