நானும் ரொறன்ரோக்காரன்

என் மனைவியின் தமையன் ரொறன்ரோவிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்திருந்தபோது, ரீபே நகரத்தின் பழைய குடிச்சாலைகளைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். டென்மார்க்கிலேயே மிகப் பழைய நகரம் அது. எஸ்பியர்க்கிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்.

"வாங்கோ மச்சான், எனக்கு எல்லாம் தெரிஞ்ச இடம்தான்" என்றேன்.

வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் எல்லோரையும் நான் அங்கே கூட்டிப்போவேன். பெரிய தேவாலயம், கல் பதித்த தெருக்கள், ஆற்றங்கரை, பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம். என் ரீபே அவ்வளவுதான். வேட்ஸ்ஹூஸ் என்று டெனிஷ்காரர் சொல்லும் அந்தக் குடிச்சாலைகளை யன்னலால் எட்டிப் பார்த்ததோடு சரி. பட்டப்பகலிலும் மேசைகளில் மெழுகுதிரி எரியும். இருப்பவர்கள் எல்லாம் ஒரே குடும்பம் மாதிரித் தெரிவார்கள். அது எங்களுக்குரிய இடமல்ல என்று நானே தீர்மானித்து, இவ்வளவு காலமும் வெளியே நின்றுவிட்டேன். மச்சானிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

முதலில் நுழைந்த இடத்தில் ஒரே சிகரெட் புகை. மச்சான் இருமிக்கொண்டு திரும்பிவிட்டார். இரண்டாவது, ஒரு பக்கம் சரிந்து நின்ற மரச்சட்ட வீடு. குனிந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. நடத்துகிற அம்மா எங்களைப் பார்த்ததும் சிரித்தபடி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ரொறன்ரோ" என்றார் மச்சான்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் எஸ்பியர்க்கில் இருக்கிறேன் என்கிற டெனிஷ் வசனம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால், எத்தனை வருஷமாக என்பார். இதுதான் முதல் தடவையா என்பார். மச்சான் பக்கத்தில் நிற்கிறார். நான் தலையை ஆட்டினேன். நானும் ரொறன்ரோக்காரனாகிவிட்டேன்.

அவர் எங்களை உத்திரத்தின் கீழ் இருத்தி, பியர் ஊற்றி வைத்து, அந்த வீட்டின் கதையை நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தொடங்கினார். என் ஆங்கிலம் என் டெனிஷை விட மோசம். பாதி விளங்கவில்லை. விளங்காததற்கும் சேர்த்துத் தலையாட்டினேன்.

"ஏன் மச்சான் டெனிஷிலை கதைக்காமல் இருக்கிறியள்?" என்று மச்சான் காதுக்குள் கேட்டார்.

"அவ இங்கிலீசிலை தொடங்கிட்டா. விடுங்கோ."

அப்போது மூலை மேசையில் தோல் குவளையில் பகடை குலுக்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர் எழுந்து, கையை விரித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார். மீன் தொழிற்சாலையில் பல வருஷம் எனக்குப் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கியவர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், ரீபேக்கு வா, ஒரு பியர் குடிப்போம் என்று கூப்பிடுவார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்ற வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும் என்று நான் ஏதாவது சொல்லித் தப்பிவிடுவேன். பிறகு அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்.

"கடைசியா வந்திட்டியே!" என்று டெனிஷில் கத்தினார். "எஸ்பியர்க்கிலிருந்து இஞ்சை வர உனக்கு இவ்வளவு காலமா?"

நான் டெனிஷில்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கவுண்டருக்குப் பின்னால் அந்த அம்மா கிளாஸ் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"நீங்கள் இஞ்சத்தை ஆளா?" என்று கேட்டவரின் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான்தான் பிழையா நினைச்சிட்டன்."

பிழை அவருடையதல்ல என்று சொல்லியிருக்க வேண்டும். "பரவாயில்லை" என்றேன், பெருந்தன்மையாக மன்னிப்பவனைப் போல. அதை இப்போது நினைத்தாலும் முகம் எரிகிறது.

கிழவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களைத் தன் மேசைக்கு இழுத்துப்போய், "இவன் என்ரை தோழன்" என்று மற்றவர்களுக்குச் சொன்னார். பகடைக் குவளையைக் கையில் தந்தார். நான் எப்படிக் குலுக்கினேன், யார் வென்றார்கள் என்று எதுவும் நினைவில்லை. கவுண்டர் பக்கம் பார்க்காமல் இருப்பதிலேயே என் கவனம் முழுவதும் போனது.

அன்று இரவுச் சாப்பாட்டில் மச்சான் கதையை நடித்தே காட்டினார். என் தலையாட்டலும் வந்தது. மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"என்னோடையும் இங்கிலீசிலைதான் தொடங்குவினம், அப்பா" என்றாள். எப்போதும் டெனிஷில் பதில் சொல்பவள், அன்று தமிழில் சொன்னாள். "நான் உடனை டெனிஷிலை திருப்பிச் சொல்லுவன். ஒவ்வொரு முறையும் சொல்லுவன். நீங்கள் ஓமெண்டு தலையாட்டினனீங்களா?"

அவள் பிறந்தது எஸ்பியர்க் ஆஸ்பத்திரியில். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.