மூடி போட்டு எடுத்த ஒரு நிமிடம்

டிப்ளமோ முடித்ததும் திருவொற்றியூரில் ஒரு வீடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி அண்ணாச்சி என்னைப் படமெடுக்க விடமாட்டார். விசேஷத்துக்கு முன்னால் கேசட்டுகளைத் தயார் செய்வதுதான் என் வேலை.

முதலில் கேசட்டைக் கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்ற வேண்டும். நாடா சீராக இறுகும். அடுத்து, லென்ஸ் மூடியைக் கழற்றாமல் ஒரு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். நாடாவின் தொடக்கம்தான் முதலில் கெடும். அங்கே வெறும் கறுப்பு இருந்தால் நஷ்டமில்லை. கடைசியில் லேபிள்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. சாவு எடுத்த கேசட்டில் கல்யாணம் எடுத்துவிடுவார்களோ என்று பெண் வீட்டாருக்குப் பயம். கண் முன்னால் உறை பிரித்து, குங்குமம் வைத்த பிறகே பதிவு தொடங்கலாம். அதனால் தயாரான கேசட்டுக்கு அண்ணாச்சி மறுபடி கண்ணாடித்தாள் சுற்றி, ஹேர் டிரையரால் சூடு காட்டி ஒட்டுவார். புதுக் கேசட்தானே என்று நானும் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் அவர் விரலில் எச்சில் தொட்டு ஒரு கேசட்டின் இடுக்கில் இருந்த பழைய குங்குமத்தைத் தேய்த்து எடுத்ததைப் பார்த்தேன். எடுத்து முடித்த கேசட்டுகளையே புதுசென்று ஒட்டுகிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் வியாசர்பாடியிலிருந்து ஒரு அக்கா வந்தார். போன வருஷம் துறைமுகத்தில் வேலை செய்த இடத்திலேயே கணவர் இறந்துபோனார். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது இவர் மயங்கி விழுந்துவிட்டார்; எழுந்தபோது கணவரின் முகத்தை மாலைகள் மூடியிருந்தன, கடைசியாக முகம் பார்க்கவில்லை. அந்தச் சாவை எடுத்தது எங்கள் கடைதான்; கேசட்டைப் பார்க்க அக்காவுக்கு இப்போதுதான் தைரியம் வந்திருக்கிறது. எடிட்டிங்கில் இருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி டீ குடிக்கப் போனார். அக்கா பெஞ்சை விட்டு எழவில்லை.

அன்று சாயங்காலம் விம்கோ நகரில் ஒரு கல்யாணம். அதற்காக ஒட்டி வைத்திருந்த கேசட்டுகளை ஒவ்வொன்றாக உறை பிரித்து ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவதில் ஒரு நிமிடக் கறுப்பு, அப்புறம் சங்கு, மேளம், மாலைக் குவியல். அக்காவைக் கூப்பிட்டேன்.

"மொதல்ல மூஞ்சியத்தான் எடுத்தாங்கன்னு என் கொழுந்தன் சொன்னான். அது எங்க காணோம்மா?"

திரும்பச் சுற்றினேன். கறுப்புதான் வந்தது. அதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். கேமரா தாமதமாக ஓட ஆரம்பித்தது என்றார். அக்கா என்னைப் பார்த்தார்.

"இல்லக்கா. மூடி போட்டு அது மேலயே எடுத்துட்டோம். மூஞ்சி அடியில இருந்துச்சு."

"சொரண்டுனா வராதா?"

"வராதுக்கா."

அவர் அண்ணாச்சியின் பக்கம் திரும்பினார்; குரல் உயரவில்லை. "எம் புருசன் மேல கல்யாணம் எடுக்கப் பாத்துகினு இருந்தியா? கலீஜ்."

மிச்சமெல்லாம் அப்படியே இருக்கிறதே, ஊர்வலம் முழுசா இருக்கிறதே என்றார் அண்ணாச்சி. சாயங்காலத்துக்கு இந்தக் கேசட்டும் வேண்டும், இதில் இருப்பதை நகல் எடுத்துத் தருகிறேன், இதை வைத்துவிட்டுப் போங்கள் என்றும் சொன்னார். சொல்லும்போது டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

நான் கேசட்டை வெளியே எடுத்து, மேலே பதிவாகாதபடி தடுக்கும் சின்னப் பொத்தானைத் தள்ளிவிட்டு அக்காவின் கையில் கொடுத்தேன். அந்தக் கடையில் நான் செய்த கடைசி வேலை அது.

அவர் கேசட்டைத் திருப்பிப் பார்த்தார். "மூஞ்சி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

நாடா தொடங்கும் முனையைக் காட்டினேன். அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே படி இறங்கினார்.