கேட்காமல் விட்ட பெயர்

ஒருவரை மதிப்பது என்றால், அவரிடம் கேட்காமல் இருப்பதா?

சென்ற கிழமை ஊர்காவற்றுறையில் ஒரு பெண் இந்தக் கேள்வியை எனக்குள் இறக்கிவிட்டுப் போனாள். இந்தப் பத்தியில் வாராவாரம் பிறருடைய அறியாமையைப் பற்றி எழுதியவன் நான். இந்த வாரம் என் முறை.

நான் வேலைசெய்யும் நிவாரண அலுவலகத்தில், வெளிநாட்டு ஊழியர்களுக்கு ‘தீவக மக்களின் பண்பாடு’ பற்றி வகுப்பெடுப்பவனும் நானே. பட்டதாரி, இதே தீவில் வேலணையில் பிறந்தவன் – வேறென்ன தகுதி வேண்டும்? என் முதற் பாடம்: “இங்கே மனைவி கணவன் பெயரைச் சொல்லமாட்டாள். கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள்.” என் அம்மா இன்றுவரை அப்பாவை “இஞ்சருங்கோ” என்றுதான் அழைக்கிறார். போதாதா ஆதாரம்?

மீன்பிடிக்கக் கடலுக்குப் போன கணவன் கடற்படையிடம் பிடிபட்டுவிட்டான் என்று திரேசம்மா பதிய வந்தாள். என் வகுப்பில் இருந்த ஆன் என்ற வெளிநாட்டுத் தாதி, கணவன் பெயரைக் கேட்க வாயெடுத்தாள். நான் கண்ணால் தடுத்தேன். திரேசம்மாவுக்குப் பின்னால் நின்ற அயலவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

“சின்னராசு” என்றார்.

எழுதினேன். என் நாகரிகத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தடுப்பு முகாமிலிருந்து மூன்று வாரத்தில் பதில் வந்தது: அப்படி ஒருவர் இங்கே இல்லை.

போன கிழமை திரேசம்மா கறுப்புச் சேலையில் வந்தாள். பதிவை ஒருக்கால் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

“சின்னராசோ? அது கரையில கூப்பிடுற பேரெல்லோ! அடையாள அட்டையில யோசேப்பு அருளப்பு. ஏன் தம்பி என்னட்டக் கேக்கேல்லை?”

“இல்லை அக்கா… மனுசன்ர பேரைச் சொல்லக் கூச்சப்படுவியள் எண்டு…”

“பேர் சொன்னா வாய் வெந்துபோமே? கோயிலில சுவாமிக்கு முன்னால, ‘அருளப்பு, உம்மை என் கணவனாக ஏற்கிறேன்’ எண்டு ஊர் கேக்கச் சொல்லித்தானே கட்டினனான்! முகாமில இல்லையெண்டு நீங்கள் சொன்னதால, மாமி செத்தவருக்கான பூசையும் ஒப்புக்குடுத்துப்போட்டா.”

பிறகு அந்தப் பெயரை மூன்று தரம் சொன்னாள். நான் எழுதி முடிக்கும் வரை.

எங்கள் வீட்டுக் குசினியைத்தான் நான் தீவகம் என்று வகுப்பில் விற்றிருக்கிறேன். வேலணையிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் இருக்கும் கடற்கரைக் கத்தோலிக்க வீடுகளை நான் அறிந்திருக்கவில்லை. ஒன்றும் தெரியாது என்று தெரிந்திருந்த ஆன், கேட்கத்தான் போனாள். எல்லாம் தெரிந்தவன் தடுத்தேன்.

ஆன் என்னைக் குறை சொல்லவில்லை. மேசையில் அவளுடைய கொப்பி திறந்து கிடந்தது. என் முதற் பாடம் அதில் இரட்டை அடிக்கோடிட்டு இருந்தது… அன்று அந்தப் பக்கம் பார்க்க என்னால் ஏலவில்லை.

சரியான பெயரை அனுப்பியதற்கு நேற்றுப் பதில் வந்தது. யோசேப்பு அருளப்பு முகாமில் உயிரோடு இருக்கிறார்.

வகுப்பை நிறுத்திவிட்டேன். இப்போது பெயரை, எதிரே இருப்பவரிடமே கேட்கிறேன்.