இன்சீனில் உதிரும் காட்டு ஆப்பிள் பூ

இன்சீன் நிலையத்தில், நகரைச் சுற்றிவரும் வட்ட ரயில் முக்கால் மணி நேரமாக அசையாமல் நிற்கிறது. காரணம் கேட்டால் எல்லோரும் சிரிக்கிறார்கள். என் மடியில் ஷான் மலையிலிருந்து கொண்டுவந்த காட்டு ஆப்பிள் கன்று இருக்கிறது. அத்தான் இறந்த பிறகு அக்கா என்னிடம் கேட்டது இது ஒன்றைத்தான். அவருடைய ஊர்ப் பூவை அவர் படத்தருகே வைக்க வேண்டுமாம். நேற்று மலையில் வண்டி ஏறும்போது இருபது பூக்கள் இருந்தன. இந்த வெக்கையில் மூன்றுதான் மிச்சம்.

கன்னத்தில் பர்மியப் பெண்களைப்போல் தனாக்கா மரச்சாந்து பூசிய, சோளக்கதிர் விற்கும் தமிழ்ப் பெண் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். "அண்ணே, தலையில வைக்க ஒண்ணு குடுங்க." இது ஐந்தாவது முறை.

"எங்க அக்காவுக்குன்னு சொன்னேன்ல!" என்று கத்திவிடுகிறேன்.

"ரயிலு போற போக்குல அக்காகிட்ட வெறுங்குச்சியத்தான் குடுப்பீங்க."

அவள் சொல்லும்போதே இன்னொன்று உதிர்கிறது. எனக்கு அழுகையே வருகிறது. அதைப் பார்த்துவிட்டு அவள் தன் துண்டைத் தண்ணீரில் நனைத்துக் கன்றின்மேல் போர்த்துகிறாள். உதிர்ந்த பூவை எடுத்து நீட்டுகிறேன். கொண்டையில் செருகிக்கொள்கிறாள்.

இனி நான் கோபித்துக்கொள்ள ரயில் மட்டுமே இருக்கிறது. அது அசையக் காணோம்.