கிடா இல்லாத முப்பது நாள்

மாசி மாதத்தில் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துப் பீலியில் கொட்டும் தண்ணீர் எலும்புவரை போகும். அந்தத் தண்ணீரில் என்னைத் தினமும் தலைமுழுக வைத்தவர் என் அண்ணி. சவர்க்காரக் கட்டியோடு மேலே நின்றுகொண்டு, "காதுக்குப் பின்னால தேய்ங்க கொழுந்தனாரே, நாத்தம் அங்கதான் ஒளிஞ்சிருக்கு" என்பார். "பொண்ணு பாக்கப் போறவனக்கூட இப்பிடிக் கழுவ மாட்டாங்க அண்ணி" என்பேன் நடுங்கிக்கொண்டே. "உங்களுக்கு எவ பொண்ணு குடுப்பா? இது ஆட்டுக்காக."

அண்ணி பெரகலையிலிருந்து வாழவந்தபோது இரண்டு ஆடுகள் கூடவே வந்தன. தாய்வீட்டுச் சீர் என்று அவருக்கு இருந்தது அவ்வளவுதான். இரண்டு ஐந்தாகிப் பிறகு நின்றுவிட்டது. பால் ஆட்டுக் கலப்பு. வருஷத்தில் சில மாதம்தான் பருவத்துக்கு வரும். அந்த வருஷம் அந்த மாதங்களைச் சீக்கு தின்றுவிட்டது. குட்டியும் இல்லை, பாலும் இல்லை. ஆடுகள் அண்ணியுடையவை என்றாலும் வீட்டில் அம்மா சொல்வதுதான் சட்டம். "சித்திரைக்கு முன்னால இறைச்சிக்கடை நானாகிட்ட குடுத்துருவோம்" என்றார். அண்ணி அடுத்த நாள் கொழுந்தெடுக்கப் போகாமல் பதுளைக்கு பஸ் ஏறி, மிருக வைத்தியரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"மருந்துப் பஞ்சு வைக்கலாமாம், ஊசி போடலாமாம். இப்ப கைவசம் இல்லையாம். ஆனா கிடாவே ஒரு மருந்துதானாம் அத்தே. ஒரு மாசம் அது ஆட்டோட கண்ணுல படக்கூடாது, சத்தம் கேக்கக்கூடாது, வாடைகூட வரக்கூடாது. அப்புறம் திடீர்னு கொண்டாந்து விட்டா, காலமில்லாத காலத்துலயும் எல்லாம் ஒண்ணாப் பருவத்துக்கு வருமாம்."

"அண்ணன் ஒரு மாசம் கொழும்புல நின்னுட்டு வந்தாரே, அந்த மாதிரியா?" என்று கேட்டேன். அம்மா விளக்குமாற்றை எடுத்தார்.

கிடா என்னுடையது. அதை மலைக்கு அந்தப் பக்கம், நமுனுகுலையில் மாமா வீட்டில் கட்டினோம். தினமும் போய்த் தீனி போடுவது என் வேலை. தன் தாடியிலேயே மூத்திரம் பெய்துகொள்ளும் பிராணி அது. அதன் புண்ணியத்தில் பஸ்ஸில் எனக்கு எப்போதும் இரண்டு பேர் உட்காரும் இடம் தனியாகக் கிடைத்தது. திரும்பி வந்ததும் பீலி, சவர்க்காரம், அண்ணி.

கொட்டில் சுவரில் நாளுக்கொரு கரிக்கோடு போட்டுவந்தார் அண்ணி. இருபத்தைந்தாவது நாள் எனக்குக் குறும்பு முற்றியது. முந்தின நாளே கிடாவின் தாடியில் தேய்த்து ஒளித்து வைத்திருந்த என் பழைய கம்பளிச் சட்டையை, அண்ணி வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போனதும் கொட்டில் கதவில் மாட்டினேன். ஆடுகள் என்ன செய்கின்றன என்று பார்க்கத்தான். ஐந்தும் கதவோரம் வந்து மூக்கை உயர்த்தி நின்றன. வாலை ஆட்டின. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மாலையில் வந்த அண்ணி சட்டையைப் பார்த்தார். அதைத் தூர எறிந்துவிட்டு, ஈரச் சாக்கால் அத்தனை கோடுகளையும் துடைத்தார். "முதல்ல இருந்து எண்ணணும், தம்பி" என்றார். கொழுந்தனாரே என்று சொல்லவில்லை.

மறுபடி முப்பது நாள் என்றால், கிடா வந்து ஐந்தாம் நாளே வருஷப் பிறப்பு. சாப்பாட்டு நேரத்தில் அம்மா, "இன்னும் எத்தன நாளு?" என்று கேட்டபோது நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நாள எண்ணுனதுல நான் பிழை விட்டுட்டேன் அத்தே. இன்னும் ஒரு மாசம்" என்றார் அண்ணி. "முப்பது வரைக்கும் எண்ணத் தெரியல, இவ வைத்தியம் பாக்குறா!" என்றார் அம்மா. அண்ணி என் தட்டில் ரசம் ஊற்றினார். அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே நான் குளித்தேன்.

கிடா திரும்பி வந்த அன்று லயமே வேடிக்கை பார்க்கக் கூடியது. இரண்டு நாள் ஆடுகள் கொஞ்சம் வாலாட்டின. மூன்றாம் நாள் எல்லாம் பழையபடி புல் தின்னப் போய்விட்டன. "கிடாவுக்கு வயசாயிருச்சு" என்று சிரித்தார்கள். வருஷப் பிறப்புக்கு முதல் நாள் நானா லொறியோடு வந்துவிட்டார். அம்மா கயிற்றோடு ஆடுகளைப் பிடிக்கப் போனார். அண்ணி கொட்டில் வாசலில் நின்றார்.

"முதல்ல வர்றது பொய்யாம் அத்தே. உடம்பு ஒருதரம் உள்ளுக்குள்ள முழிச்சுப் பாத்துட்டு மறுபடி தூங்குமாம். எட்டு, ஒம்பதாம் நாள்தான் நெசமாம். இன்னும் அஞ்சு நாள் குடுங்க."

"எண்ணத் தெரியாதவ பேச்ச நம்பியா?"

"அண்ணி பிழை விடல. நான்தான் கெடுத்தேன்" என்று சொல்லி, சட்டைக் கதையை முழுக்கச் சொன்னேன். அந்தக் கயிற்றாலேயே அம்மா என் முதுகில் இரண்டு போட்டார். நானா லொறியில் ஏறினார். "அடிச்சது போதும்மா. நான் வருசப் பொறப்பு முடிஞ்சு வாறேன்."

ஒன்பதாம் நாள் விடிகாலை, பெரட்டுக்கு முன்னால் ஒரு சத்தம். மேல் லயத்துக்காரர்கள் புலி புகுந்துவிட்டதென்று தடியோடு ஓடி வந்தார்கள். கொட்டிலில் நான்கு ஆடுகள் ஒரே குரலாய்க் கத்திக்கொண்டிருந்தன. எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் கிடா சுற்றிச் சுற்றி வந்தது. அன்று யாராவது சிரிக்க ஒரு பகிடி சொல்லச் சொல்லியிருந்தால் என்னிடம் இருந்திருக்காது. ஊசி இல்லை, மருந்து இல்லை. ஒரு வாடை ஒரு மாதம் இல்லாமல் இருந்து திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். அது நான்கு உடம்புக்குள்ளும் போய், ஒரே காலையில் எழுப்பிவிட்டிருக்கிறது. எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அதற்குப் பெயர் தெரியவில்லை. உடம்பு சிலிர்த்தது மட்டும் தெரியும். ஐந்தாவது ஆடு அடுத்த நாள் கத்தியது. அதற்குச் சினை நிற்கவில்லை. மற்ற நான்கும் ஆவணிக் கடைசியில் மூன்று நாளுக்குள் ஏழு குட்டி போட்டன. ஒவ்வொன்றையும் அம்மாதான் துடைத்தெடுத்தார்.

இப்போது அண்ணனும் அண்ணியும் பெரகலையில். ஆடுகளில் பாதி இங்கே அம்மாவின் பொறுப்பில். ஒவ்வொரு பங்குனியிலும் நானா வந்து விலை கேட்பார். அம்மா தொலைபேசியை என்னிடம் நீட்டுவார்: "ஒங்க அண்ணிக்கு போன் அடி. ஆடு அவளோடது, அவதான் சொல்லணும்."